பெட்டி கேட்டுக்கு வெளியே, சாவி கேட்டுக்கு உள்ளே

எங்கள் தொழிற்சாலையின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கலைவாணி கேட்டாள். நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த முதலுதவி அறையில் இப்போது உட்கார்ந்திருக்கிற நர்ஸ் அவள். "இனிமையான நினைவுகளா நாலு எழுதுங்க மேடம், உங்க போட்டோவோட போடறோம்" என்றாள். இனிமையான நினைவுகள் எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் போன மாதம் அந்தப் பெட்டித் திறப்பு விழாவுக்குப் போய் வந்ததிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

பெட்டி என்றால் ரத்தம் நிறுத்துகிற பெட்டி. வெட்டுப்பட்டு ரத்தம் பீய்ச்சுகிற ஆளை, ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்தில் நிற்கிறவர்களே காப்பாற்றுவதற்கானது. கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டுகிற டூர்னிக்கெட் பட்டை, காயத்துக்குள் திணித்து அடைக்கிற நீளத் துணி, அழுத்திக் கட்டுகிற கட்டு, கையுறை, உடுப்பை வெட்டக் கத்தரிக்கோல், கட்டிய நேரத்தை எழுத ஒரு பேனா. இவ்வளவுதான் உள்ளே. இதற்குப் படிப்பு வேண்டாம், அரை மணி நேரப் பழக்கம் போதும். தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் ஒரு ஆள் போவதற்குச் சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷத்துக்காகத்தான் பெட்டி.

எங்களிடம் சரக்கு வாங்குகிற கார் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்தபோது இந்தப் பெட்டி எங்கே என்று கேட்டார்களாம். உடனே எட்டுப் பெட்டி வாங்கிவிட்டார்கள். ஏழு உள்ளே, ஒன்று பொதுமக்களுக்காக கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில். நல்ல சிவப்பு நிறம், முகப்பில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், தமிழிலும் இந்தியிலும் எழுத்து. எட்டிலும் பித்தளைப் பூட்டு.

அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு இரண்டு பேர் ஞாபகம் வந்தது. ஒருவன் ஏகாம்பரம், தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர், ஒன்பது வருஷத்துக்கு முன் செத்தவன். இன்னொருத்தி அவன் மனைவி தேவகி. எங்கள் கேன்டீனில்தான் வேலை செய்கிறாள். அவன் எப்படிச் செத்தான் என்பதை நான் அவளிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. ஓய்வு பெறுகிறவரை அவள் போட்ட டீயைக் குடித்தேன், ஒன்பது வருஷமும் சொல்லாமல் இருந்தேன்.

நர்ஸ் படிப்பைப் பற்றி விவரிக்கப் போவதில்லை. காஞ்சிபுரத்தில் படித்தேன். இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளில் கால் வீங்க நின்றேன். கல்யாணமாகி உத்திரமேரூரில் குடித்தனம் வந்ததும் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார்களுக்குத் தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கிற இடம் இது. பெயர் வேண்டாம். வெட்டின தகட்டின் ஓரம் சவர பிளேடு போல இருக்கும். சேர்ந்த புதிதில் எனக்கு அது புரியவில்லை. தலைவலி மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் கொடுத்து, பதிவேட்டில் எழுதி, மதியம் சாப்பிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிற வேலை என்று நினைத்தேன்.

அந்த நினைப்பைக் கெடுத்தவர் எங்கள் டாக்டர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வாரம் மூன்று நாள் காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எல்லாரும் பட்டாள டாக்டர் என்பார்கள். சிரிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். நாம் செய்தது சரியென்றால் "ம்" என்பார். தப்பென்றால் "மறுபடியும்" என்பார். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே மனுஷர் என்னைப் பத்து வருஷம் ஆட்டி வைத்தார்.

முதல் வாரமே கேட்டார். "ஒருத்தன் தொடையில ரத்தம் கொட்டிக்கினு கீறான். இன்னா பண்ணுவே?"

நான் படித்ததை ஒப்பித்தேன். அழுத்துவேன், தூக்கிப் பிடிப்பேன், நிற்காவிட்டால் மேலே கட்டுவேன், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கட்டைத் தளர்த்துவேன்.

"தளர்த்துவியா? ஏன்?"

"கால் அழுகிடக் கூடாதே சார்."

"தளர்த்தினா கொட்டும். மறுபடி கட்டுவே. மறுபடி தளர்த்துவே. ஆஸ்பத்திரி போய்ச் சேரச்சொல்ல கால் நல்லா இருக்கும், ஆள் இருக்கமாட்டான்."

பிறகு ஒரு பட்டையை எடுத்து என் மேற்கையில் மாட்டினார். முழங்கை மடிப்பில் இல்லை, அதற்கு மேலே. காயத்துக்கு நாலு விரல்கடை மேலே இருக்கணும், மூட்டின் மேல் கட்டக் கூடாது என்றார். பட்டையை முதலில் கையாலேயே இழுத்து இறுக்கினார். பலர் இதைச் செய்யாமல் லொடலொடவென்று விட்டுவிட்டுக் குச்சியை முறுக்குவார்கள், அது உதவாது. அப்புறம் குச்சியைத் திருகினார். ஒரு சுற்று, ஒன்றரை, இரண்டு. மணிக்கட்டில் நாடி நின்றது. விரலெல்லாம் வெளுத்துப் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"உயிர் போவுது சார்."

"வலிச்சாத்தான் கட்டு. வலிக்கலன்னா அது கோயில்ல காப்பு கட்டினது" என்று சொல்லிக் குச்சியைக் கொக்கியில் மாட்டி, ஸ்கெட்ச் பேனாவை எடுத்து என் நெற்றியில் மணியை எழுதினார். "எப்ப கட்டினதுன்னு நெத்தியில இருக்கணும். சீட்டுல எழுதினா சீட்டு தொலையும். நெத்தி தொலையாது. ஆஸ்பத்திரியில டாக்டர்தான் அவிழ்க்கணும். நீயும் அவிழ்க்கக் கூடாது, அவன் கெஞ்சினாலும் அவிழ்க்கக் கூடாது."

மாதம் ஒரு தரம் ஒவ்வொரு பிரிவையும் உட்கார வைத்து இதையே செய்வார். கையில் ஸ்டாப் வாட்ச். தன் தொடையில் தானே கட்டிக்கொள்ள வேண்டும், அதிலும் ஒரே கையால். ஒரு நிமிஷம் தாண்டினால் "மறுபடியும்". ஆட்கள் நெற்றியில் மணியோடு வீட்டுக்குப் போவார்கள். "இன்னா சிஸ்டரு, என் வூட்டுக்காரருக்கு நாமம் போட்டு அனுப்பிட்டீங்க?" என்று பெண்கள் என்னைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேலி செய்ததுண்டு.

ஐந்து சிவப்புப் பை தைத்து வாங்கி, ஐந்து இடத்தில் தோள் உயரத்துக்கு ஆணி அடித்துத் தொங்கவிட்டார். ஒட்டுப்பட்டி மூடி, இழுத்தால் திறக்கும். அலமாரி செய்து பூட்டிக் கொடுக்கட்டுமா என்று ஸ்டோரில் கேட்டார்கள். "பூட்டினா அது பை இல்ல, பீரோ. பீரோல நகையை வைங்க" என்றார். மாதாமாதம் கத்தரிக்கோல் காணாமல் போகும். பிளாஸ்டிக் வெட்ட, பூக்கட்ட, எதற்கெதற்கோ எடுத்துப் போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் அசரமாட்டார். "திருடறவன் கைக்கு எட்டுதுன்னா காப்பாத்தறவன் கைக்கும் எட்டும். புதுசு வாங்கி வை."

அது எட்டவும் செய்தது. வெல்டிங் பிரிவில் ஒருத்தனுக்குக் கை மணிக்கட்டுக்கு மேலே கிழிந்தது. நான் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கூட இருந்தவர்களே கட்டி, குச்சியைக் கொக்கியில் மாட்டி, நெற்றியில் மணி எழுதிவிட்டிருந்தார்கள். தரையில் ஒரு டம்ளர் ரத்தம்கூட இல்லை. நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அவர் சொல்வது மாதிரி "ம்" என்று மட்டும் சொன்னேன். அவன் இன்றைக்கும் அதே கையால் வண்டி ஓட்டிக்கொண்டு உத்திரமேரூர் சந்தைக்கு வருகிறான்.

டாக்டர் வயதாகி விலகினார். அடுத்து வந்த டாக்டர் கையெழுத்துப் போட வந்தார், போட்டார், போனார். புதிதாக ஒரு மனிதவள மேலாளரும் வந்து சேர்ந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. அவருக்கு எல்லாப் பொருளும் பட்டியலில் இருக்கிறபடி இருக்க வேண்டும். கத்தரிக்கோல் குறைகிறதே என்று எனக்கு ஒரு விளக்கக் கடிதம். அடுத்த மாதம் இன்னொன்று. மூன்றாவதில், பொறுப்பின்மை என்ற சொல் இருந்தது. இருபது வருஷம் வேலை செய்தவளுக்கு அந்தச் சொல். நான் ரோஷக்காரி. வெள்ளைத் தாளை எடுத்து ஒரே வரி எழுதினேன்: ஐந்து பைகளையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுப் போட்டுத் தரவும். கீழே என் கையெழுத்து.

இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். பூட்டை மேலாளர் கேட்கவில்லை. நான் கேட்டேன். டாக்டரின் பாடமெல்லாம் நெஞ்சில் இருந்தும், மூன்று கடிதம் வாங்கின ஆத்திரத்தில் நானே கேட்டேன். ஒரு வாரத்தில் பெட்டிகள் வந்தன. சாவிக்கொத்து ஸ்டோர்கீப்பர் முனுசாமியிடம். அதற்குப் பிறகு கத்தரிக்கோல் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

ஆயுத பூசை நாள் அது. தொழிற்சாலைகளில் அன்றைக்கு நடப்பது தெரிந்ததுதான். காலையில் இயந்திரங்களைத் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சுத்தியல், ஸ்பேனர், திருப்புளி, உளி எல்லாவற்றையும் கழுவிக் கொண்டுபோய்ப் பெரிய கூடத்தில் சாமி படத்தின் முன் குவித்துவிடுவோம். பதிவேடுகளும் போகும், சாவிகளும் போகும். வைத்ததை மறுநாள் புனர்பூசை முடியாமல் எடுக்கக் கூடாது. முனுசாமி தன் சாவிக்கொத்தைக் கழுவி, சந்தனம் தொட்டு, இலைமேல் வைத்திருந்தான். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

ஏகாம்பரம் பிரஸ் ஷாப்பில் கடைசி இயந்திரத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். மாலை எட்டவில்லை என்று, அடுக்கியிருந்த தகடுகளின் மேல் ஏறியிருக்கிறான். மேல் தகடு வழுக்கியது. அவன் விழுந்தான், தகடு அவன் இடது தொடையின் உள்பக்கம் இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான், சாய்ந்துகூட இருக்கவில்லை. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது, நாடி அடிக்கிற கணக்குக்கு. நான் முழங்காலால் அவன் அடித்தொடையை அமுக்கிக்கொண்டு, பெட்டியைத் திறங்கள் என்று கத்தினேன். பெட்டி ஆறு அடி தூரத்தில் சுவரில் இருந்தது. சூப்பர்வைசர் சாவி கேட்டு ஓடினார்.

பூட்டை உடையுங்கள் என்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பிரிவு முழுக்க ஒரு சுத்தியல் இல்லை. ஒரு ஸ்பேனர் இல்லை. ஒரு திருப்புளி இல்லை. எல்லாம் பூசையில். வருஷத்தில் மற்ற எல்லா நாளும் காலில் இடறுகிற சாமான்கள் அன்று ஒன்றுகூடக் கிடையாது. ஒருத்தர் பூட்டைச் செருப்பால் அடித்தார். இன்னொருத்தர் கையாலேயே பிடித்து இழுத்து விரலைக் கிழித்துக்கொண்டார்.

யாரோ ஒரு துண்டு கொடுத்தார்கள். தொடையின் மேலே கட்டினேன். முறுக்க ஒரு கம்பி கேட்டேன். தோரணத்துக்கு வைத்திருந்த மூங்கில் குச்சியை உடைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது சுற்றில் ஒடிந்தது. வேறு ஒன்று கொடுத்தார்கள். அதுவும் ஒடிந்தது. துண்டு நனைந்துவிட்டால் முறுக்கு ஏறாது, வழுக்கும். என் புடவை முந்தானையைக் கிழித்துக் காயத்துக்குள் அடைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். பட்டு, அந்த வேகத்துக்கு ரத்தத்தை உறிஞ்சாது. அதற்கென்று நெய்த துணி ஆறு அடி தூரத்தில், கண்ணுக்கு எதிரே பூட்டிக் கிடந்தது. என் அறையில் இன்னொரு பட்டை இருந்தது. அதை எடுத்துவரச் சொல்லி ஓர் ஆளை அனுப்பத் தோன்றவில்லை எனக்கு. சாவி இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டரே, குளுருது" என்றான் ஏகாம்பரம். "கேன்டீன்ல சுண்டல் குடுக்கறாங்களா? தேவகிக்கு ஒரு பொட்டலம் வாங்கணும்."

"வாங்கலாம். பேசிக்கினே இரு. தூங்கக் கூடாது, தெரியுதா?"

"தூங்கல. கண்ணுதான் இருட்டுது."

கூடத்தில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சூப்பர்வைசர் மூச்சிரைக்கப் போய் நின்றபோது அய்யர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், மேலாளர் முதலாளியோடு கைகூப்பி நின்றார். படத்துக்கு எதிரே, நல்ல நாளும் அதுவுமாக, ரத்தம் என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று சூப்பர்வைசர் தயங்கியிருக்கிறார். முனுசாமியின் காதருகே குனிந்து, "சிஸ்டர் பொட்டி சாவி கேக்கறாங்கப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"இன்னாத்துக்கு?"

"சின்னக் காயம்."

"சாவி பூசையில கீதே. கற்பூரம் காட்டிட்டு எடுத்துத் தரேன், செத்த இரு."

சின்னக் காயம்! முனுசாமிக்கு என்ன தெரியும்? காத்திருந்தான். கற்பூரம் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சந்தனம் பூசிய சாவியோடு வேகமாகத்தான் நடந்து வந்தான். வாசலில் வந்து, தரையைப் பார்த்ததும் சாவிக்கொத்து அவன் கையிலிருந்து விழுந்தது. பெட்டியைத் திறந்து பட்டையை எடுத்து நான் கட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் இருந்திருந்தால் "ம்" என்றிருப்பார். கட்டியதும் ரத்தம் நின்றது. நிற்பதற்கு அவன் உடம்பில் அதிகம் மிச்சமும் இல்லை.

நெற்றியில் மணி எழுதினேன். காலையில் அவன் வைத்திருந்த குங்குமம் அங்கே இருந்தது, அதன் மேலேயே எழுதினேன். வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்த கம்பெனி வேனில் ஏற்றினோம். பாலாற்றுப் பாலத்தில், பழையசீவரம் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவன் மூச்சு நின்றது. அவன் தலை என் மடியில் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நிதானமாக எழுத என்னால் முடியாது. துக்கத்தால் இல்லை, கோபத்தால்.

பூசை நாளில் ரத்தம் விழுந்ததால் தெய்வக் குற்றம் என்று பேசினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள், பரிகாரம் செய்தார்கள். முனுசாமிதான் சாவியைக் கொடுக்காமல் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தான் என்று எல்லார் வாயிலும் அவன் பெயர். இரண்டு மாதம் குனிந்த தலையோடு வந்து போனான், பிறகு வேலையை விட்டுவிட்டான். சின்னக் காயம் என்று சொன்ன சூப்பர்வைசர் வாய் திறக்கவில்லை. பூட்டுக் கேட்டு எழுதின நான் மட்டும் என்ன வாய் திறந்தேனா? வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன்.

மேலாளர் அறிக்கை எழுதி எடுத்துவந்தார். முதலுதவி உடனடியாக அளிக்கப்பட்டது, காயம் உயிருக்கு ஆபத்தானதாக இருந்தபடியால் பலனளிக்கவில்லை. பூட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சிஸ்டர், யோசிச்சுப் பாருங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "பூட்டி இருந்துச்சுன்னு எழுதினா விசாரணை, கேஸு, வருஷக்கணக்கா இழுக்கும். அந்தப் பொண்ணுக்குக் கேன்டீன்ல வேலை போடலாம்னு முதலாளி சொல்லியிருக்காரு. அது நின்னுடும். அதுவுமில்லாம, பூட்டு கேட்டு எழுதின லெட்டர் யாருதுன்னும் வரும்."

தேவகிக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று ஒன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய். அவர் கடைசியாகச் சொன்னதுதான் என் கையைத் தள்ளியது. மறுநாள் காலை ஒரு சுத்தியல் எடுத்துப் போய் ஐந்து பூட்டையும் நானே உடைத்தேன். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பைகள் நான் ஓய்வு பெறுகிறவரை ஆணியில் திறந்தே தொங்கின. கத்தரிக்கோல் மறுபடி காணாமல் போனது. நான் மறுபடி வாங்கி வைத்தேன்.

தேவகி ஐயங்கார்குளத்துப் பெண், நெசவுக் குடும்பம். கேன்டீனில் சேர்ந்த முதல் நாளே எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்கதான் கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களாமேக்கா. உங்களால முடிஞ்சத பண்ணீங்க" என்றாள். அந்த டீயை நான் குடித்தேன். என்னத்தைச் சொல்ல?

இப்போது விழாவுக்கு வருகிறேன். பஸ் நிறுத்தத்துப் பெட்டியில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஷாமியானா, நாற்காலி, ஒலிபெருக்கி. மேலாளர் புதியவர், இளைஞர், மரியாதையானவர். பெட்டியால் எத்தனை உயிர் பிழைக்கப் போகிறது என்று பேசினார். கைதட்டினார்கள். என்னை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள். தேவகி டீத் தட்டோடு ஓரமாக நின்றிருந்தாள். தட்டில் வைத்து நீட்டிய கத்தரிக்கோலை நான் எடுக்கவில்லை. பெட்டிக்குக் கிட்டே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

"சாவி எங்க தம்பி?"

"செக்யூரிட்டி ரூம்ல பத்திரமா இருக்கு மேடம். வெளிய இருக்கறதால யாராவது கத்தரிக்கோல் எல்லாம் எடுத்துடுவாங்க இல்ல?"

"எடுத்துகினு வரச் சொல்லுங்க."

"இப்பவா? முதல்ல ரிப்பன்..."

"என் தொடையில ரத்தம் கொட்டுதுன்னு வச்சுக்கோங்க. எடுத்துகினு வரச் சொல்லுங்க."

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். செக்யூரிட்டி உள்ளே போனார். ஷிஃப்ட் மாறியிருக்கிறது, சாவி எந்த டிராயரில் என்று அவருக்குத் தெரியவில்லை. ஃபோன் போட்டார்கள். மேலாளர் நெற்றியைத் துடைத்தார். கலைவாணி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். டீ ஆறியது. எட்டுச் சாவியும் கோர்த்த கொத்து வந்து சேர ஒன்பது நிமிஷம் ஆயிற்று.

"நான் செத்து நாலு நிமிஷம் ஆச்சு" என்றேன். யாரும் கைதட்டவில்லை.

அப்போதுதான் தேவகி டீத் தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு என் கிட்டே வந்தாள். பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஏன் அப்படி நின்றேன் என்று அங்கே இருந்தவர்களில் அவளுக்கு மட்டும்தான் புரிந்திருக்க வேண்டும்.

"அக்கா, சாவி சாவின்னாங்களே, அது இந்த மாதிரி பொட்டிக்கா? அன்னிக்கும் இப்டிதான் பூட்டிகினு இருந்துச்சா?"

ஒலிபெருக்கிக்காரர் ஒயரைச் சரி செய்துகொண்டிருந்தார். ரோட்டில் வாலாஜாபாத் பஸ் ஒன்று போயிற்று. ஒன்பது வருஷமாக மறைத்ததைச் சொல்ல எனக்கு நாலைந்து வரிதான் தேவைப்பட்டது.

"ஆமா தேவகி. பூட்டி இருந்துச்சு. சாவி வர்ற வரைக்கும் அவன் உயிரோடதான் இருந்தான். பூட்டு போடச் சொல்லி எழுதிக் குடுத்ததே நான்தான். முனுசாமி மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அழவில்லை. திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒம்போது வருஷமா முனுசாமி அண்ணனை நான் வாய்க்கு வந்தபடி சபிச்சுகினு கீறேன்" என்றாள். "ஏங்க்கா, ஒரு நாளாவது சொல்லக் கூடாது?"

 

செக்யூரிட்டி கையிலிருந்த சாவிக்கொத்தை அவள் வாங்கிக்கொண்டாள். கேட்டுக்கூட வாங்கவில்லை, எடுத்துக்கொண்டாள். ரிப்பனை ஒதுக்கி, நாலாவது சாவியில் பூட்டைத் திறந்து, கழற்றினாள். அதை டீத் தட்டில் போட்டாள். டங்கென்று சத்தம் கேட்டது. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"மீதி ஏழும் எங்கெங்க கீது?"

 அவள் பதிலுக்கு நிற்கவில்லை. கேட்டுக்குள்ளே நுழைந்து பிரஸ் ஷாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே போனேன்.